பதினான்கு ஆண்டு ஓடிய சோதனை

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. காலை ஐந்தே கால் மணிக்கு எழுந்தேன். அன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை நாள். ஒன்பது மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வரும். அதனால் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். தேங்காய்ச் சட்னியை அரைத்து வைத்தேன். இரண்டு சேலைகளை இஸ்திரி போட்டேன். கைபேசிகளை மின்னேற்றினேன். எல்லா மாதமும் இதே வரிசைதான். ஆனால் அன்றைக்கு மட்டும் மின்சாரம் போவதற்காக நான் காத்திருந்தேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீடு. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதனை செய்து கொடுப்பது என் வேலை. பிறர் எழுதிய நிரலில் குறை கண்டுபிடித்து எழுதி அனுப்புவேன். பல வருடங்களாக இதைச் செய்தும், நான் எழுதிய ஒரு வரிகூட வேறு எவர் கணினியிலும் ஓடியதில்லை.

சோதனைகளை ஓட்டித் தருவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். சோதனை வென்றால் பச்சை, தோற்றால் சிவப்பு என்று காட்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் சொல்லும். குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் அதுவும் சிவப்புதான். நிறுவனத்தின் மடிக்கணினியில் சொந்த வேலை பார்க்கக் கூடாது என்பதால், என் பழைய மேசைக் கணினியில் அந்தக் கருவியை வைத்துப் பழகிவந்தேன். மின்தடை முடிந்து கணினி விழித்ததும் சோதனைகள் தாமாகவே ஓடும்படி ஏற்பாடு செய்திருந்தேன்.

ஒரு நாள் அப்படி ஓடிய சோதனை ஒன்று சிவப்பாக நின்றது. அது எடுத்துக்கொண்ட நேரம் பதினான்கு ஆண்டுகள் என்று எழுதியிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. மின்சாரம் இல்லாதபோதும் கணினிக்குள் கடிகாரத்தை ஓடவைப்பது ஒரு சிறிய வட்டச் செல். என் கணினியில் அது செத்துப்போயிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கணினி 2009 ஜனவரி முதல் தேதியில் விழிக்கும். மோடம் உயிர்பெற்று இணையம் வந்த பிறகுதான் சரியான தேதிக்குத் தாவும். அந்த இடைவெளியில் ஒரு சோதனை ஓடிக்கொண்டிருந்தால், அது 2009இல் தொடங்கி 2023இல் முடிந்ததாகக் கருவி கணக்குப் போடுகிறது. என் கடிகாரம் பொய் சொல்கிறது, சரி. அதை அந்தக் கருவி ஏன் நம்ப வேண்டும்? தேதி காட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல், ஓட்டப்பந்தயத்தில் வைத்திருக்கும் ஸ்டாப்வாட்ச் போல, தொடங்கிய நொடியிலிருந்து எண்ணிக்கொண்டே போகிற எண்ணியைப் பார்த்தால் தாவல் எதுவும் அதைத் தொடாது. திருத்தம் ஒன்பதே வரி. எழுதி அனுப்பினேன்.

வருகிற நிரல்களைப் படித்துப் பார்த்து ஏற்பவர் ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார். மரியாதையானவர், ஆனால் விடாப்பிடிக்காரர். தன் கணினியில் அப்படி நடக்கவே இல்லை, என் கணினியில்தான் கோளாறு என்றார். பழைய நிரலில் தோற்றுப் புதிய நிரலில் வெல்லும்படி ஒரு சோதனையும் சேர்த்து அனுப்பினால்தான் ஏற்பது அவர்கள் வழக்கம். அந்தப் புதன்கிழமை காலை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: இந்தப் பதிப்புக்கு இன்று மாலையோடு கதவடைப்பு. அதற்குள் கோளாறைக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் திருத்தக் கோரிக்கையை மூடிவிடுகிறேன்.

மூடிவிட்டால் பிறகு யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். நானே வேலையில் எத்தனையோ கோரிக்கைகளை அப்படி மூடியிருக்கிறேன். அதனால் அன்றைய மின்தடையைப் பெரிதாக நம்பியிருந்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். கணினி 2009இல் விழிக்கும். கைபேசியால் அதைப் படம் பிடித்து அனுப்புவேன். பிளக்கைப் பிடுங்கியும் செய்திருக்கலாம்தான். ஆனால் அது நானாக ஜோடித்த சாட்சி ஆகிவிடும் என்று நினைத்தேன். நடப்பதை நடந்தபடி காட்ட வேண்டும்.

ஒன்பது மணிக்குச் சரியாகக் கரண்ட் போனது. வங்கி வேலையும் கேஸ் புத்தக வேலையும் பாக்கி இருந்ததால் வெளியே போய், பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி. விடியும் முன் போய்ப் பகலில் வந்து படுப்பவர்.

இரண்டு மணிக்கு மின்விசிறி சுழன்றது. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணினி முன் நின்றேன். திரை வெளிச்சமானது. மூலையில் தேதி: 2023 ஆகஸ்ட் 9. சோதனைகள் வரிசையாகப் பச்சை.

மோடத்தைப் பார்த்தேன். இன்னும் அதன் விளக்கே எரியவில்லை. இணையம் வராமலேயே தேதி சரியாக இருக்கிறது.

"என்னங்க! இந்தக் கம்ப்யூட்டர யாராச்சும் தொட்டாங்களா?"

கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டியா? எம்புட்டு நாளா டேட்டு தப்பா காட்டுதுன்னு பொலம்பிக்கிட்டு இருந்த. மாப்ள இந்தப் பக்கம் வந்தான். கரண்டும் இல்ல, நீயும் இல்ல. செல்ல மாத்திவிடுடான்னேன். வண்டியில வச்சிருந்த யு.பி.எஸ்ஸ மாட்டி டேட்டையும் சரியா வச்சுட்டான். காசுகூட வாங்கல."

மாப்ள என்பது அவருடைய பள்ளிக்கூடத் தோழர். கீழவாசலில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்.  உடனே அவருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"அண்ணே, எங்க பழைய செல்லு எங்கண்ணே?"

"என் சட்டைப் பைக்குள்ளதான் கெடக்கு தங்கச்சி. ஆனா காலையில இருந்து ஏழெட்டு செத்த செல்லு சேந்துபோச்சே. உங்களுது எதுன்னு எப்படிச் சொல்ல?"

"எதுனாலும் சரிண்ணே, செத்ததா ஒண்ணு வேணும்."

அவர் பேச்சை என் கணவர் பக்கம் திருப்பினார். "ஏன் மாப்ள, தங்கச்சிக்கு உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு? செத்த செல்லு எதுக்கு? போட்டத கழட்டிட்டா அதே கோளாறு வந்துட்டுப் போகுது."

உண்மைதான். கழற்றிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினால் முடிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயம் முழுவதையும் கேட்டார். மாலைக்குள் அனுப்பாவிட்டால் என் கோரிக்கை மூடப்படும் என்றதும் அவர் முகம் மாறியது.

"சரி, நீ கழட்டி, படம் புடிச்சு அனுப்புற. அந்தாளு என்ன சொல்லுவாரு? 'ஒங்க வீட்டுச் செல்லு செத்திருக்கு, எங்க வீட்டுல நல்லாத்தான இருக்கு'ம்பாரு. அவருக்குச் செத்த செல்லப் பார்சல்லயா அனுப்பப் போற?"

கேலிக்குத்தான் சொன்னார். ஸ்க்ரூடிரைவர் என் கையில் அப்படியே நின்றது.

பார்சலில் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் நிரலாக. எந்த ஊர்க் கணினியில் ஓடினாலும் என் வீட்டுக் கரண்ட் போய் வந்தது போல நடந்துகொள்ளும் ஒரு பொய்க் கடிகாரத்தை அந்தச் சோதனைக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும். முதல் முறை நேரம் கேட்டால் 2009 ஜனவரி 1 என்று சொல்லும். இரண்டாம் முறை கேட்டால் 2023 என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஜோடித்த சாட்சி கூடாது என்று நானாகவே ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டு மின்வாரியத்தை நம்பி உட்கார்ந்திருந்தேனே! சோதனை என்பதே திட்டமிட்டு ஜோடிப்பதுதான். அதைத்தானே தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.

"என்ன, பேச்சக் காணோம்?" என்றார்.

"காப்பி போடுங்க. நான் எழுதப்போறேன்."

எழுதினேன். விரல்கள் எனக்கு முன்னால் ஓடின. இரண்டு முறை அடைப்புக்குறியை மூட மறந்தேன். எனக்கு அது வழக்கமே இல்லை. நான்கு மணிக்குப் பழைய நிரலின் மேல் அந்தச் சோதனையை ஓட்டினேன். செல் நன்றாக இருந்தது, தேதி சரியாக இருந்தது, மோடமும் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு! எடுத்துக்கொண்ட நேரம், பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல்.

நான் போட்ட சத்தத்தில் அவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "என்னடி, பாஸா?"

"ஃபெயிலு! சுத்தமா ஃபெயிலு!"

"ஃபெயிலானதுக்கா இந்தக் குதி குதிக்கிற? நல்ல பொழப்பு."

பிறகு என் ஒன்பது வரித் திருத்தத்தைச் சேர்த்து ஓட்டினேன். பச்சை. இன்னொரு முறை. பச்சை. திருத்தத்தை எடுத்துவிட்டேன், சிவப்பு. திரும்பச் சேர்த்தேன், பச்சை. ஒரு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கும் குழந்தையைப் போல அதையே செய்துகொண்டிருந்தேன். காப்பி ஆறிவிட்டது.

ஐந்து மணிக்கு அனுப்பினேன். அந்தக் கருவியை நடத்துவோரின் கணினிகள் தாமாகவே வாங்கிச் சரிபார்த்து உடனே திருப்பி அனுப்பின. ஒரு வரியின் முடிவில் தேவையில்லாத இடைவெளி ஒன்று விட்டிருக்கிறேனாம். அலமாரியில் துண்டுகளைக்கூட ஓரம் பார்த்து மடிப்பவள் நான். அதை நீக்கி மறுபடி அனுப்பினேன். இந்த முறை எல்லாமே பச்சையாக வந்தன. இனி அந்த மனிதர் படிக்க வேண்டும்.

ஆறு மணி, ஏழு மணி. கீரையை ஆய்ந்தேன், பார்த்தேன். சாதம் வடித்தேன், பார்த்தேன். அவருக்கு அங்கே இன்னும் பிற்பகல்தான் என்று கணவருக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன், அவர் கேட்காமலேயே. எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி அதிர்ந்தது. ரசம் சாதக் கையோடு இடது கையால் எடுத்துப் படித்தேன்.

'இப்போது என் கணினியிலும் தோற்கிறது. உங்கள் திருத்தத்தைச் சேர்த்ததும் வெல்கிறது. நன்றி, இணைத்துவிட்டேன். இந்தப் பதிப்பில் வரும்.'

"என்னவாம்?" என்றார் கணவர்.

"சேத்துட்டாராம்."

"அப்ப நான் செல்ல மாத்துனதுதான் நல்லதாப் போச்சு."

"ஆமா, நீங்கதான் காரணம். அப்பளத்த எடுங்க."

அவர் அப்பளத்தை எடுத்துவிட்டு, மாப்ளைக்குப் போன் போட்டுச் செல் விவகாரம் முழுவதையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், நிரலைத் தானே எழுதியது போல.

மறுநாள், வியாழக்கிழமை, ஐந்தே காலுக்கு எழுந்தேன். அவர் மண்டிக்குப் போயிருந்தார். பல்கூட விளக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட புதிய நிரலைக் கணினியில் இறக்கினேன். பெட்டியைத் திறந்து நல்ல செல்லைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கணினியின் பிளக்கையும் மோடத்தின் பிளக்கையும் ஒன்றாகப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றாகச் செருகினேன். திரையின் மூலையில் 2009 ஜனவரி 1. சோதனை ஓடத் தொடங்கியது. பாதியில் மோடத்தின் விளக்கு எரிந்தது. தேதி 2023 ஆகஸ்ட் 10க்குத் தாவியது. சோதனை பச்சையாக முடிந்தது. அதன் கீழே, எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம் என்று இருந்தது.