கிரேன் அக்காவின் கண் திறந்த ஜெபம்

நாற்பத்திரண்டு மீட்டர். தரைக்கும் அவரது இருக்கைக்கும் உள்ள தூரம் அது. கட்டட வேலைக்களத்தில் அவரை எல்லோரும் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார்.

ஜெபம் அவருக்கு நெடுநாள் கைக்கு எட்டாமலே இருந்தது. விடியற்காலையில் முழங்காலில் நின்றால் கட்டிலில் தலை சாய்ந்து தூங்கிவிடுவார். ராத்திரியானால் மகளின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரை, மறுநாள் சமையலுக்கு நறுக்க வேண்டிய காய். ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடினால் அங்கேயும் கொட்டாவி. தனியாக நேரம் கிடைக்கப்போவதில்லை என்று போன வருடம் அவருக்கு உறைத்தது. இருக்கிற வேலைக்குள்ளேயே ஜெபத்தைச் செருகினார். ஒவ்வொரு சுமையையும் இறக்கும் முன், கீழே நிற்கும் விசில், மொட்டை, நெட்டை என்று பட்டப்பெயர் கொண்ட மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கண்ணால் தேடிப் பிடித்து, ஆளுக்கு ஒரு வரி. கண்ணைத் திறந்தபடி.

"சாமிக்குப் பக்கத்துல உட்கார்ந்துட்டோம்னு நெனப்பா?" என்று வீட்டுக்காரர் சீண்டுவார்.

"நான் பக்கத்துலதான் இருக்கேன். நீங்கதான் தூரம்."

அன்று மதியம் காற்று கிளம்பியது. லாரி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் பலகை கம்பிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அஸ்திவாரக் குழிக்குள் இறக்க வேண்டும். இறக்கு, இறக்கு என்று மேஸ்திரி கீழிருந்து கையை ஆட்டினார்.

பலகை ஒரு சுற்று சுழன்றது. அக்கா தன்னை அறியாமல் தலை குனிந்தார். "ஆண்டவரே, காத்து அடிக்குது. நீங்கதான் பார்த்துக்கணும்."

காலரில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியின் பொத்தானை அவர் தாடை அமுக்கியது. சிமெண்ட் தூசி ஏறிய பழைய பொத்தான். உள்ளே போனது வெளியே வரவில்லை. ஒருவர் அமுக்கியபடி இருந்தால் மற்ற யாருடைய குரலும் யாருக்கும் போய்ச் சேராது. பொத்தான் சிக்கியது அக்காவுக்குத் தெரியாது.

எல்லோரும் அண்ணாந்து பலகையைப் பார்த்த அந்த நேரத்தில்தான் நெட்டை, தவறவிட்ட ஸ்பேனரை எடுக்கக் குழிக்குள் குதித்திருந்தான். கணுக்கால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. "இறக்காதீங்கக்கா" என்று தன் வாக்கிடாக்கியில் கத்தினான். அதில் அக்காவின் குரல்தான் வந்துகொண்டிருந்தது; அவன் நேரடிக் குரலைக் காற்றும் லாரி இரைச்சலும் விழுங்கின.

மேலே அக்கா நிமிர்ந்தார். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. கை இறக்கும் விசையில் இருந்தது. "விசிலைக் காத்துக்கோங்க." சைகை காட்டும் விசில், குழியோரம் நின்றார். "மொட்டையைக் காத்துக்கோங்க." மொட்டை, லாரி அருகே. "நெட்டையை..."

எப்போதும் ஒரு தலை உயரமாகத் தெரிபவன். காணவில்லை.

மேஸ்திரியின் கை வேகமாக ஆடியது. விசிலும் இறக்கச் சொல்லிக் காட்டினார். பலகை மறுபடி ஆடத் தொடங்கியது. அக்காவின் கை விசையை விட்டு நகர்ந்தது.

"நெட்டை எங்க ஆண்டவரே?"

அந்தக் கேள்வி கீழே எல்லோர் காதிலும் விழுந்தது. மொட்டை திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி குழியை நோக்கி ஓடினான். எட்டிப் பார்த்தான். நிறுத்து என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டான்.

அக்கா பலகையை மெல்லத் திருப்பி வெற்றுத் தரையில் இறக்கினார். இறங்கி நேரே குழிக்கு வந்தார்.

"லைனை அடைச்சதே உங்க ஜெபந்தான். தெரியுதா?" என்றார் மேஸ்திரி.

"தெரியுதுங்க."

"அவன் தொண்டை கிழியக் கத்தியிருக்கான்."

"தெரியுதுங்க."

நெட்டை காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். "எனக்கு முன்னாடி மொட்டைக்கு ஜெபம் பண்ணீங்களேக்கா. சாகக் கெடந்தவன் நானு."

"வரிசைப்படிதாண்டா பண்ண முடியும்" என்றார் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

விசாரணை முடியும்வரை அவருக்குக் கூண்டு கிடையாது. திங்கட்கிழமை முதல் கீழே நின்று சுமைக்குக் கயிறு மாட்டும் வேலை. மேலே ஏறப்போகும் புது ஓட்டுநரின் பெயரை, ஜெபத்தில் சொல்ல, அன்றைக்கே மேஸ்திரியிடம் கேட்டு வைத்துக்கொண்டார். வேலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது.