ஒரு ஆலாபனை முழுசாய்க் கேட்க ஆளில்லை

கச்சேரி மேடையில் கூட்டம் முழுவதையும் பார்க்கிற ஒரே ஆள் தம்புரா போடுகிறவன். கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் படாத ஒரே ஆளும் அவன்தான். பாடுகிறவர் கண்ணை மூடிக்கொள்வார். வயலின்காரர் பாடுகிறவரின் வாயைப் பார்ப்பார். மிருதங்கக்காரர் பாடுகிறவரின் கையைப் பார்ப்பார். நாலு தந்தியை மீட்டிக்கொண்டு கூட்டத்தின் அட்டூழியம் அத்தனையையும் பார்க்கிற பாவம் என் தலையில் விழுந்தது. உங்களில் யாராவது ஒருநாளாவது மேடையேறி, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நன்றியுரையாவது சொல்லியிருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு வீட்டில் பிறந்தவன். தறிக்கு என் கை வளையவில்லை. அண்ணன் கன்னியப்பன் தறியில் உட்கார்ந்தார், நான் தம்புராவோடு போனேன். அறுபதுகளின் கடைசியில் கும்பகோணம் பக்கத்திலிருந்து அப்பாதுரை பாகவதர் எங்கள் ஊருக்குக் குடிவந்தார். மனைவி போன பிறகு, பள்ளிக்கூட வாத்தியாரான மாப்பிள்ளை வீட்டில் வந்து தங்கியவர். அவர் குரலைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆரம்பித்தால் கதை நகராது, அதனால் விட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு மாமனார் ஊர் ஊராய்ப் போய்ப் பாடுவது பிடிக்கவில்லை. வயசான காலத்தில் யார் கேட்கிறார்கள் என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். பாகவதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிற ஆடி முடிவதற்குள் இந்தச் சீமையில் ஒரே ஒரு ஆலாபனையை, அதாவது வார்த்தையில்லாமல் ராகத்தை மட்டும் பாடுகிற அந்த இருபது நிமிஷத்தை, ஒரு கூட்டம் முழுசாய்க் கேட்டால் தொடர்ந்து பாடுவேன், இல்லாவிட்டால் தம்புராவுக்கு உறை போட்டுவிட்டு உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட மனுஷர். அந்த வருஷம் நான் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதுகிறேன்.

முன்வரிசைப் பெரியவர்

முதல் கச்சேரி ஒரு கல்யாண வரவேற்பு. கல்யாண வீட்டுக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்பந்தம் பேசுவார்கள், ஜமக்காளத்தில் குழந்தைகள் சறுக்குவார்கள், ரோஸ்மில்க் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஆனால் அன்று முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாகவதர் கல்யாணியை எடுத்ததிலிருந்து அவர் கண் பாகவதரை விட்டு நகரவில்லை. நடுவில் ஒருதரம் தலையை ஆட்டினார். ஒருதரம் உச்சுக்கொட்டினார்.

பாகவதருக்கு அது போதுமாயிருந்தது. கண்ணைத் திறந்து அவருக்கென்றே பாட ஆரம்பித்தார். மேல்ஸ்தாயியில் நின்று ஒரு பிடி பிடித்தார் பாருங்கள், எனக்குக் கையிலிருந்த தம்புரா நழுவப் பார்த்தது. கச்சேரி முடிந்ததும் பெரியவர் நேரே மேடையேறி வந்தார். பாகவதர் எழுந்து கும்பிட்டார். பெரியவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. பாகவதர் தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தின் முனையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார்.

"அப்போலேந்து பாத்துக்கினே இருக்கேன், மனசு கேக்கல சாமி. உங்கள நல்லா ஏமாத்திட்டானுங்க. இந்த ஜரிகை நெசம் இல்ல."

மாகறல் மாடு

மாகறல் திருவிழாவில் பாட்டு ஏற்பாடாயிற்று. சுற்றுவட்டாரத்திலிருந்து விவசாயக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நல்ல கூட்டம், தரையில் உட்கார்ந்த கூட்டம். தரையில் உட்காருகிற கூட்டத்தை நான் எப்போதும் நம்புவேன், ஏனென்றால் எழுந்துபோகக் கொஞ்சம் சிரமப்படவேண்டும். பாகவதர் சங்கராபரணத்தை விரித்துக்கொண்டு போனார். பத்து நிமிஷம் சத்தமில்லை. நான் மனசுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையேறினார். பாகவதர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, வெள்ளை மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைத்தோட்டம் பக்கம் போகிறது, கொம்பில் சிவப்புப் பூச்சு, மாட்டுக்காரர் உடனே வரவும் என்று அறிவித்தார். மாகறல் பக்கம் யாரிடம்தான் வெள்ளை மாடு இல்லை? ஆண்கள் மொத்தமாய் எழுந்தார்கள். போனவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்றென்று பார்க்கப் பெண்கள் போனார்கள். வயலின்காரரும் எட்டிப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்து எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பாகவதர் அதுவரை கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கமிட்டிக்காரர் மறுபடியும் மேலே வந்து, ரொம்ப மரியாதையாய்க் குனிந்து சொன்னார்.

"மாடு கெடச்சிடுச்சுங்க. நீங்க எந்த எடத்துல நிறுத்தினீங்களோ, கரெக்டா அந்த எடத்துலேந்தே எடுத்துக்குங்க."

மிருதங்கக்காரர் நியாயம்

இரண்டு மூன்று ஊர் இப்படிப் போன பிறகு, பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பாகவதர் மனசுவிட்டுப் பேசினார். முன்வரிசையில் தூங்குகிறான், நடுவரிசையில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறான், பின்வரிசையில் தாளம் போடுகிறேன் என்று வேறு ஏதோ ஒரு கச்சேரிக்குத் தாளம் போடுகிறான் என்று அடுக்கினார். எங்களுக்கு மிருதங்கம் வாசிக்கிற வடிவேலு கேட்டுக்கொண்டிருந்தார். வடிவேலுவின் கதையே தனி. மிருதங்கம் மட்டும் தனியாய் வாசிக்கிற கட்டம் வந்தால் போதும், கூட்டம் காப்பி குடிக்கவும் மற்றதுக்கும் ஒரே மூச்சில் எழுந்துவிடும். அவர் தன் வாழ்நாளில் வாசித்ததெல்லாம் காலி நாற்காலிகளுக்குத்தான். கடைசியில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்.

"உங்க பாட்ட ஒக்காந்துக்கினே கேக்காம இருக்கானுங்க. என் வாசிப்ப எழுந்துபோயி கேக்காம இருக்கானுங்க. இதுல நீங்க எங்கிட்ட வந்து அழறீங்களே, ஞாயமா?"

பொழுது சாய்வதற்குள்

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனர் வீட்டில் சாயங்காலம் நாலரை மணிக்கே பாடக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் பெயர் தரணேந்திரன். இவ்வளவு நல்ல மனுஷர்களை நான் பார்த்ததில்லை. நாற்பது பேர் இருப்பார்கள். இருமல் வந்தவர் வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார். பாகவதர் வர்ணம், இரண்டு கீர்த்தனை எல்லாம் முடித்து, காம்போதி ஆலாபனையைத் தொடங்கினார். இன்றைக்கு நடந்துவிடும் என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்று மறந்துபோயிற்று. அவர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள். காம்போதி பாதி வழியில் இருக்கும்போது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாயிற்று. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஆனால் நாற்பது பேரும் வெளிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிரக் காம்போதியை இல்லை. கடைசியில் தரணேந்திரன் கைகூப்பிக்கொண்டு மேடைக்கு வந்தார். இவரைத் திட்டக்கூட முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

"அய்யா, பொழுது எறங்குது. எங்களுக்காகப் பாடினவர் பசியோட இருக்க நாங்க சாப்பிட்டா அது பாவம். எழுந்து வாங்க, மிச்சத்த இன்னொரு நாள் கேக்கறோம்."

கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம்

ஆனி மாசத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக் கோயிலிலேயே பாட்டு வைத்தேன். சொந்தத் தெரு, கூட்டம் வரும் என்று நினைத்தேன். பந்தலில் இருபது பேர்கூட இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற சத்தமும் அந்த நூலை இறுக்கப் பலகை அடிக்கிற சத்தமும் சேர்ந்து, பாகவதர் முகாரியை எடுத்தபோது அதன்மேல் மழை மாதிரி கொட்டிற்று. வடிவேலு தறிச் சத்தத்தின் பக்கம் கையைக் காட்டி, இதற்கு மேல் நான் எதற்கு என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

முடிந்ததும் பாகவதரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் தறியில்தான் இருந்தார். நாலு வீடு தள்ளி இருக்கிற பந்தலுக்கு ஏன் வரவில்லை என்று பாகவதர் கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒலிபெருக்கி இருக்கிறதே, எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டுதான் நெய்தார்கள் என்றார் அண்ணன். முகூர்த்த நாள் நெருங்குகிறது, சேலை முடியவேண்டும், அதனால் எழுந்து வரமுடியாது. அவர் சொன்ன அடுத்த வார்த்தையைப் பாகவதர் வீட்டுக்குப் போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கைதான் தறிகிட்ட இருக்குது, காது உங்ககிட்டதான் இருந்துது சாமி. பாட்டு நெசமா புடிச்சிக்கிச்சுன்னா, கை தானா நின்னுடும்."

ஆடி அமாவாசை

ஆடியில் ஒரே ஒரு கச்சேரி கிடைத்தது. அதே பிள்ளையார்பாளையத்துக் கோயில், அமாவாசை சாயங்காலம். நெசவாளர்கள் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். மாசத்தில் அந்த ஒருநாள் கைக்கு ஓய்வு. வெளியூரிலிருந்து வந்த பாகவதருக்கு அது தெரியாது. தறி இல்லாததால் தெருவே திரண்டு வரும் என்று கோயில் கமிட்டி கணக்குப் போட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அமாவாசையென்றால் பாதித் தெரு மலையனூர் அம்மன் கோயிலுக்கு வண்டியேறிவிடும், மீதித் தெரு சினிமாக் கொட்டகைக்குப் போய்விடும் என்பது இந்தத் தெருவில் பிறந்த எனக்குத் தெரியாதா? வேறு நாள் கேட்டேன், கிடைக்கவில்லை.

பந்தலில் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மைக் செட்காரர்கள். பாகவதர் காலையில் தர்ப்பணம் பண்ணிவிட்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு வந்திருந்தார். கூட்டத்தை ஒருதரம் பார்த்தார். சரி, இதுதான் கடைசி என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. தோடியைத் தொடங்கினார். கொஞ்சநேரத்தில் அவர் தலை பக்கவாட்டில் திரும்பிற்று. வலதுபக்கம் காதைக் கொடுத்தார், பிறகு இடதுபக்கம். தெருக் கடைசிவரை ஒரு நாடா ஓடவில்லை. ஒரு பலகை அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாடியதை நான் எப்படிச் சொல்வேன்? இருபது நிமிஷமில்லை, நாற்பது நிமிஷம் பாடினார். பூட்டிய கதவுகளுக்கும் அணைந்த விளக்குகளுக்கும் நடுவில், ஆளில்லாத ஒரு தெருவுக்கு, மனசில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. அழுதது தோடிக்காக மட்டுமில்லை. கண்ணைத் துடைக்கவும் முடியாது, தம்புரா நின்றுவிடும். முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். அறுபத்தைந்து வயசு மனுஷர் முகம் அப்படி ஜொலித்து நான் பார்த்ததில்லை. சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீங்களாயிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

"கவனிச்சியா ஏகாம்பரம்? இந்தத் தெருவே தறிய நிறுத்திட்டு என்னைக் கேட்டுது."

மறுநாள்

காலையில் பாகவதர் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையுமாய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளையிடம் தொடர்ந்து பாடப்போவதாய்ச் சொல்லிவிட்டாராம். தெருவுக்கு நன்றி சொல்ல வந்திருந்தார். அண்ணன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசில் அந்தக் குணத்தால் நான் அப்பாவிடம் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அதோடு முந்தின நாள் சாயங்காலம் அவர் இருந்தது சினிமாக் கொட்டகையில், அண்ணியோடு.

பாகவதர் பழத்தையும் வெற்றிலையையும் தறிக்கட்டையின் மேல் வைத்தார். கை நின்றுவிடும் என்று சொன்னேளே, நேத்து நின்றதா என்று அண்ணனையே கேட்டார். பாகவதருக்குப் பின்னால் நின்று நான் கைகூப்பினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பாகவதரின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிடித்திருந்த நாடாவை மெதுவாய்க் கீழே வைத்தார்.

"சத்தியமா சொல்றேன் சாமி. நேத்து நீங்க பாடினப்போ, இந்தத் தெருவுல ஒரு தறி கூட ஓடல."

அன்றிலிருந்து பிள்ளையார்பாளையத்தில் பாகவதருக்குக் கச்சேரி பேச யார் வந்தாலும் நான் முதலில் பிரிப்பது பஞ்சாங்கத்தைத்தான். அமாவாசை தவிர மற்ற நாளில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே அது நிஜம்போல் ஆகிவிட்டது.