கன்னி மூலை வாத்துகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனிகளுக்குப் போகிற சாலையோரம் சின்னப்பொண்ணு நாஷ்டாக் கடை வைத்திருந்தாள். புருஷன் சடையப்பன் காலமான பிறகு அந்தக் கடைதான் அவளையும் மகன் வசந்தகுமாரையும் கரை சேர்த்தது. விடியுமுன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கடைச் சுவரில் மாட்டியிருந்த பெரியபாளையத்து பவானி அம்மன் படத்துக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முதல் ஈடு இட்லியை இறக்குவாள். யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனுஷி. சாம்பாரில் உப்பு என்று லாரிக்காரர் எவராவது கத்தினால்கூட, "ஆமா ராசா, கை தவறிப்போச்சு" என்று கூட ஒரு கரண்டி சட்னி ஊற்றுவாள். அப்படிப்பட்டவள் வயிற்றிலும் ஒரு தீ பிடித்தது. செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷம் அது.

வசந்தகுமாருக்குக் கம்பி உருட்டுகிற ஆலையில் ஷிப்டு வேலை. திருவள்ளூரிலிருந்து ரம்யாவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வருஷம் முழுக்க வீட்டில் சண்டைதான். சண்டை போட்டால் அவன் நேரே அம்மாவின் கடைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

"யம்மா, ரெண்டு இட்லி போடு. அவகூட ஒரே பேஜாரா கீது."

"பொறுத்துப் போ நைனா. சின்ன வயசுதானே அவளுக்கு" என்பாள். வாய்தான் அப்படிச் சொல்லும். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு பேசப் பேச, அவளுக்குள்ளே வெல்லம் கரைகிற மாதிரி இருக்கும். அதை அம்மனிடம்கூட அவள் ஒப்புக்கொண்டதில்லை.

அப்போதுதான் ரம்யா காலை டிவியில் சீன வாஸ்து பார்க்க ஆரம்பித்தாள். பெங் சூயி என்று அதற்குப் பேராம். முதலில் வாசலில் காற்றுக்குக் கிணுகிணுக்கிற குழல் மணி வந்தது. பிறகு ஒருநாள் பாரிமுனையிலிருந்து ஜோடி வாத்து பொம்மை வாங்கி வந்து மாமியாரிடம் காட்டினாள்.

"இத தென்மேற்கு மூலையில வெச்சா புருசன் பொண்டாட்டி ஒத்துமையா இருப்பாங்களாம் அத்தே."

"தென்மேற்குன்னா எந்தப் பக்கம்மா?"

"நம்ம கன்னி மூலதான் அத்தே." ரம்யா கொஞ்சம் தயங்கினாள். "அந்த ரூம்ல நாங்கதான் படுக்கணுமாம்."

அந்த அறையில் சின்னப்பொண்ணின் கட்டில் கிடந்தது. சடையப்பன் போட்ட கட்டில். "அதுக்கின்னாம்மா, எனக்கு எங்க படுத்தா இன்னா" என்று சிரித்துக்கொண்டே கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வாத்து செய்த வேலையோ, அறை தனியாகக் கிடைத்ததோ, சண்டை நின்றுபோனது. வசந்தகுமார் வீட்டிலேயே நாஷ்டா தின்றான். சாத்திய கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சும் சிரிப்பும் கேட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்யாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடை வழியாகவே போனான். நிற்கவில்லை. கையை மட்டும் ஆட்டினான்.

பக்கத்தில் மீன் கூடை வைத்திருந்த ஞானம்மா இதைப் பார்த்துவிட்டாள். "இன்னா சின்னப்பொண்ணு, மாவைக் கல்லுல ஊத்தாம கீழ ஊத்தினுகீற?"

"புள்ளைங்க நல்லா இருக்குதுங்க. அதப் பார்த்துக்கினு இருந்தேன்."

"பார்த்துக்கினு இருந்தியா, பொசுங்கிக்கினு இருந்தியா? இங்க வரைக்கும் வாடை அடிக்குதே!"

"போடி, உன் மீன் வாடைதான் அது" என்றாள் சின்னப்பொண்ணு. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

மகன் நன்றாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவள்தான். இப்போது அவன் நன்றாக இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நேற்று வந்தவளுக்கு அவன் முழுசாகப் போய்விட்டானே என்று மனசு அரித்தது. ரம்யா மீது கோபப்பட அவளால் முடியவில்லை. கோபமெல்லாம் அந்த வாத்துகள் மேலே திரும்பியது. கூட்டுகிற சாக்கில் அறைக்குள் போனால் இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டு அவளையே பார்த்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ரம்யா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், சின்னப்பொண்ணு அறைக்குள் போனாள். ஆண் வாத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் பக்கம் வைத்துக்கொண்டால் மகனும் தன் பக்கம் வருவான் என்பது அவள் கணக்கு. எது ஆண்? ஒன்று தலையில் கொண்டையோடு ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று கல்யாணப்பெண் மாதிரி ஜொலித்தது. இன்னொன்று ஷிப்டு முடிந்து வருகிற வசந்தகுமாரின் சட்டை மாதிரி அழுக்குச் சாம்பல். பார்த்தாலே தெரிகிறதே என்று சாம்பல் வாத்தை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடையில் அம்மன் படத்துக்குப் பின்னால், சுவர்ப் பலகையில் அதை வைத்தாள். "தாயே, நீ பார்த்தும் பாக்காத மாதிரி இரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலமே வீட்டில் வெடித்தது. ரம்யா மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டுப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் எங்கியோ கடாசியிருக்கீங்க. பொம்மைக்குப் போயி பொட்டு வெக்கிறியேன்னு கிண்டல் பண்ணிக்கினே இருந்தீங்களே!"

"கிண்டல் பண்ணா திருடுவனா? என்ன அவ்ளோ கேவலமா நெனச்சிகினுகீறியா?"

பேச்சு முற்றி, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மறுநாள் முதல் டபுள் ஷிப்டு. கூடத்தில் படுத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, நாளைக்குக் கடைக்கு வருவான் என்று மனசுக்குள் முக்காலியைத் துடைத்து வைத்தாள்.

அவன் வரவில்லை. கம்பெனி கேன்டீனிலேயே தின்றுவிட்டு, கடையைத் தாண்டும்போது தலையைக்கூடத் திருப்பாமல் போனான். வீடு என்ற பேச்சே வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு. ராத்திரி படுக்க மட்டும் வந்து போனான்.

வந்தவள் ரம்யா. தனியாக வீட்டில் இருக்க முடியவில்லை என்று கண் வீங்கிப்போய் வந்து, கேட்காமலே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். தினமும் வந்தாள். மாவு கரைத்தாள், இலை நறுக்கினாள், லாரிக்காரர்களுக்குத் தண்ணீர் வைத்தாள். காக்களூர் தொழிற்பேட்டையில் கால் கடுக்க நின்று வேலை பார்த்த தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஞானம்மாவின் குரல் மாதிரியே மீன் கூவிக் காட்டி இருவரையும் சிரிக்க வைத்தாள். இத்தனை நாள் ஒரே கூரைக்குள் இருந்தும் இந்தப் பெண் இப்படிச் சிரிப்பாள் என்று சின்னப்பொண்ணுக்குத் தெரியாது.

ஒருநாள் இலை துடைத்துக்கொண்டே ரம்யா சொன்னாள். "காணாமப் போனது பொட்ட வாத்து அத்தே. பாவம், ஆணு மட்டும் ஒத்தையில நிக்குது."

"எது, அந்தக் கலர் கலரா கீறதா ஆணு?"

"ஆமாத்தே. அந்த வாத்துல ஆம்பளைக்குத்தான் அவ்ளோ அலங்காரம். பொட்டை பாவம், சாம்பலாதான் இருக்கும்."

சின்னப்பொண்ணின் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் முழுகிப்போனது. யாரை இழுத்து வர நினைத்தாள், யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்! படத்தைப் பார்த்தாள். அம்மன் சிரிக்கிற மாதிரி இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தப் பெண்ணையும் விட மனசு வரவில்லை. ஒரு மத்தியானம் பைக் சத்தம் கேட்டு, அவன்தான் வருகிறானோ என்று ரம்யா ஆசையாக எட்டிப் பார்த்தாள். அப்போது சின்னப்பொண்ணுக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை மருமகள் மேல் இல்லை, பெற்ற மகன் மேல். 'நான் பக்கத்துல இருக்கும்போது அவனுக்கு இன்னாடி அப்படி ஒரு எட்டிப்பார்ப்பு' என்று மனசு முணுமுணுத்தது.

ஆனி முடிகிற சமயம். ரம்யா அம்மன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள்.

"இன்னா வேண்டிக்கின?"

"ஆடி மாசம் பெரியபாளையம் போயி வேப்பஞ்சேல கட்டிக்கினு கோயில சுத்தி வர்றேன்னு வேண்டிக்கினேன் அத்தே. அவரு பழையபடி எங்கிட்ட பேசணும்."

சின்னப்பொண்ணு அடுப்பை விட்டு எழுந்தாள். ரவிக்கைகூட இல்லாமல் வேப்பிலையை உடம்பில் கட்டிக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவே இந்தப் பெண் சுற்றி வருவதா? மாமியார் செய்த பாவத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு அந்த அம்மன் இந்த வேண்டுதலைக் கேட்டுக்கொண்டிருந்தாளே! படத்தின் பின்னால் கைவிட்டு வாத்தை எடுத்து ரம்யாவின் கையில் வைத்தாள்.

"நான்தாம்மா எடுத்தேன். அவன் ஒரு பாவமும் அறியான்."

ரம்யா கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குத்தே?"

"அவன் எங்கிட்ட பேசறதே இல்லையேடி. எல்லாம் உங்கிட்டயே பேசறான். அத ஆம்பள வாத்துன்னு நெனச்சி எடுத்தேன்."

ரம்யா வாத்தை மடியில் கட்டிக்கொண்டாள். பாதி நறுக்கிய வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மறுபடி கடைப் பக்கம் வரவில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து வசந்தகுமார் வந்ததும் அறைக் கதவு சாத்திக்கொண்டது. சின்னப்பொண்ணு கூடத்தில் படுத்து விட்டத்தைப் பார்த்தாள். அறைக்குள்ளே முதலில் அழுகை, பிறகு பேச்சு, பிறகு சிரிப்பு. சிரிப்பு எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை வசந்தகுமார் கடைக்கு வந்தான். முக்காலியை இழுத்துப் போட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோள் குலுங்கியது.

"யம்மா, என்னத் திருடிக்கினு வரணும்னு போயி, என் பொண்டாட்டியத் திருடிக்கினு வந்துட்டியாமே!"

ஞானம்மா கூடையைத் தட்டிச் சிரித்தாள். சின்னப்பொண்ணும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ரம்யா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஒன்று விடாமல் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு தன்னை வைத்துத்தான் இருவரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மறுபடியும் சுருக்கென்றது.

"அவ சாப்ட்டாளா?" என்று கேட்டாள்.

"பின்னாடிதான் வந்துக்கினுகீறா. வெங்காயம் பாதியில விட்டுட்டாளாமே."

சின்னப்பொண்ணு மகன் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். ரம்யா வருகிற பக்கம் பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.