அம்மாவின் படத்தை இந்த மலரில் ஏன் போடவில்லை

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முதல் வேலையாக அட்டையைத் திருப்பி அம்மாவின் படத்தைத் தேடுவீர்கள். படம் இல்லை. அச்சகத்தார் மறந்துவிடவில்லை. போடக் கூடாது என்று சொன்னது மகளாகிய நான்தான். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, இதற்காக ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் வாழ்நாளில் எடுக்கப்பட்டது ஒரே ஒரு படம். அது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான்காவது பெண்ணாகப் பிறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பெயர் எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் ஏறியது. பதினேழில் எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வட்டகொடைப் பக்கம் வந்தார். எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா காய்ச்சலில் படுத்துப் பத்தே நாளில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் காலை அம்மா பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மற்ற ஆட்களோடு வேலைக்கு வந்து நின்றார். அதற்குப் பிறகும் ஒரு நாள் பிந்தி வந்தார் என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒரு வீம்பு உண்டு. மலையில் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கம்பளியைத் தலையில் போட்டு, அட்டை கடித்த காலோடு நாள் முழுக்க நிற்பார். ஆனால் டவுனுக்குப் போவதென்றால் அந்தக் கோலத்தில் ஒரு அடி எடுத்துவைக்கமாட்டார். சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு, பெட்டிக்கடியில் மடித்து வைத்திருப்பார். “தோட்டத்து ஆளுன்னா இளப்பமாப் பாப்பாங்க. நாம ஏன் அதுக்கு எடங்குடுக்கணும்?” என்பார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருந்த எங்கள் லயத்திலும் அதுதான் வழக்கம். ஒருவர் நல்ல காரியமாக டவுனுக்குப் போனால் லயமே கூடி உடுத்தி அனுப்பும். ஒரு வீட்டுச் சேலை, ஒரு வீட்டுத் தோடு, ஒரு வீட்டுச் செருப்பு. எது யாருடையது என்று வெளியில் வாய் திறக்கமாட்டார்கள்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது அதற்கு மேல் அங்கே படிப்பு இல்லை. நாற்பத்தெட்டில் இலங்கைச் சர்க்கார் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று ஆகியிருந்தது. சர்க்கார் பக்கம் எதற்குப் போனாலும் பிரஜாவுரிமை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். மிச்சமிருந்தது ஹட்டனில் இருந்த ஒரு தரும ஸ்தாபனம். தோட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களில் சிலருக்கு விடுதிப் பள்ளிக்கூடத்தில் படிக்க உபகாரச் சம்பளம் கொடுத்தார்கள். நான் பரீட்சை எழுதினேன். எழுதியவர்களில் முதலாவதாக வந்தேன். தாயோடு நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

லயம் சும்மா இருக்குமா? அடுத்த காம்பராச் செல்லம்மா அத்தை தன் தங்கத் தோட்டைக் கழற்றி அம்மா காதில் போட்டார். “கேட்டா உன்னுதுன்னே சொல்லு. எரவல்னு சொன்னா புள்ளைக்குத்தான் கேவலம்” என்று சொல்லி அனுப்பினார். என் காலுக்கு யாரோ ஒரு சோடிச் சப்பாத்து கொண்டுவந்தார்கள். அம்மா பச்சைச் சேலை கட்டி, பூ வைத்து, ரயிலில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஹட்டன் கடைவீதியில் ஒரு மாடி அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஸ்தாபனத்தின் செயலாளர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“தோடு தங்கமா?”

“ஆமாங்க.”

“உங்களோடதா?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்னுதுதாங்க” என்றார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. உதவி பெறுவதற்குரிய வறுமை எங்களிடம் காணப்படவில்லையாம். அப்பா இல்லாத வீடு, பத்தடிக் காம்பரா, மூன்று பேருக்கு ஒரே கம்பளி. அதெல்லாம் அவர்கள் கண்ணில் படவில்லை. கடையும் வீடும் உள்ள ஒருவர் தன் மகனைக் கிழிந்த சட்டையோடு கூட்டிவந்திருந்தார். அவனுக்குக் கிடைத்தது. அடேயப்பா, என்ன பார்வை! செல்லம்மா அத்தை எங்கள் வாசலில் உட்கார்ந்து, “என் தோடு புள்ள படிப்பக் கெடுத்திருச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மாதான் அவரைத் தேற்றி அனுப்பினார்.

நான் அதே ஐந்தாம் வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார்ந்தேன். மறுபடி பரீட்சை, மறுபடி முதலாவது இடம், மறுபடி நேர்முகக் கடிதம். இந்தத் தடவை எங்கள் தலைமை ஆசிரியர் லயத்துக்கே வந்தார். நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்க. இந்த மொற மலையிலிருந்து எறங்கி வந்த மாதிரியே வாங்க. அவங்களுக்கு அப்புடித்தான் வேணும்.”

அன்று சாயங்காலம் அம்மா படங்குச் சாக்கை எடுத்துத் தேய்த்துத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டார். அழுக்காக வரவேண்டும் என்றுதான் ஆசிரியர் சொன்னதற்கு அர்த்தம், அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் துவைக்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

படங்கும் கம்பளியுமாக அம்மா ரயிலில் ஏறியதும் பெட்டியே திரும்பிப் பார்த்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, “என்னாக்கா, ஹட்டனுக்கா வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டாள்.

“ஆமாடி, அங்க கடைவீதியில கொழுந்து முத்திப் போச்சாம். எடுக்க ஆளில்லன்னு சொல்லி அனுப்பினாங்க” என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேர்முகம் ஐந்து நிமிடம்கூட இல்லை. செயலாளர் மற்ற இருவரையும் பார்த்து, “பாத்தீங்களா, இதுதான் உண்மையான கஷ்டம்” என்றார். போன வருடம் வந்தவர்கள்தான் என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு உபகாரச் சம்பளம் என்று முடிவாகிவிட்டது. பிறகு எங்களைக் கீழே கூட்டிப்போய்ச் சுவரோரம் அம்மாவை நிறுத்தினார்கள். படம் எடுப்பவர் ஒருவர் தயாராக இருந்தார்.

“அந்தக் கம்பளியத் தலையில நல்லாப் போட்டுக்கம்மா. ஆங், அப்புடித்தான். கைய எடுத்துக் கும்புடு” என்றார் செயலாளர்.

“யாரைங்க?” என்று கேட்டார் அம்மா. குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

“சும்மா கும்புடும்மா, படத்துக்கு.”

அம்மா கும்பிட்டார். திரும்பி வரும் ரயிலில் கொட்டகலை தாண்டியதும் கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து மடியில் மடித்து வைத்தார். அதற்குப் பிறகு, “கெடச்சிருச்சில்ல?” என்று கேட்டார். “கெடச்சிருச்சும்மா” என்றேன். “அப்ப சரி” என்றார்.

அந்தப் படத்தை ஸ்தாபனத்தார் வருடா வருடம் தங்கள் அறிக்கையில் போட்டார்கள். ‘எங்கள் தருமத்தால் வாழ்வு பெற்ற ஏழைத் தாய்’ என்று கீழே ஒரு வரி. நான் படித்த பள்ளிக்கூடத்து விளம்பரப் பலகையிலும் அது தொங்கியது. ஒரு வருடம் நான் அதைக் கிழித்துப்போட்டேன். விடுதிக்குப் பொறுப்பான அம்மையார் என்னை முழங்காலில் நிறுத்தி, நன்றி கெட்ட கழுதை என்று திட்டினார். படிப்பைக் கொடுத்தார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை எழுதியது நான். முதலாவதாக வந்தது நான். என் அம்மா எதற்காகச் சுவரோரம் நின்று கும்பிடவேண்டும்?

படித்து முடித்து நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையானேன். முதல் மாதச் சம்பளம் வந்ததும், தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அம்மாவைப் பச்சைச் சேலையில் கூட்டிப்போனேன். மூன்று கால் வைத்து நின்ற காமிராவைப் பார்த்ததும் அம்மா வாசலோடு நின்றுவிட்டார். “வேணாம் புள்ள. மறுபடி கைய எடுக்கச் சொல்லுவான்” என்றார். எவ்வளவு கெஞ்சியும் உள்ளே வரவில்லை. படிக்குக் கீழே இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

கடந்த வருடம் நெஞ்சுச் சளி அம்மாவைப் படுக்கையில் போட்டது. சென்ற மாதம் அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முந்தி, மாரியாயி என்ற கொழுந்துக்காரப் பெண் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் என் மாணவி, கெட்டிக்காரி. அதே ஸ்தாபனத்தின் பரீட்சையில் தேறியிருந்தாள். “டீச்சர், நேர்முகத்துக்கு என்னத்தக் கட்டிக்கிட்டுப் போறது?” என்று கேட்டார்.

“மலை உடுப்போடயே போங்க. தோடு கீடு போடாதீங்க. அதான் அங்க வேலைக்காகும்” என்றேன். கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலச் சொன்னேன்.

மாரியாயி போனதும் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

“அவகிட்ட ஏன் அப்புடிச் சொன்ன?”

“வேற என்னம்மா சொல்றது? இல்லாட்டி குடுக்கமாட்டாங்களே.”

“நான் போனேன். அது நானாப் போனது, எம் புள்ளைக்காக. நீ சொல்லி இன்னொருத்தி அப்புடிப் போகக் கூடாது.”

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் அந்த மூன்று பேர் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டு, கடைசியில் அவர்கள் வேலையை நானே செய்திருக்கிறேன். அதற்குப் பன்னிரண்டாம் நாள் விடிகாலையில், தம்பி நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கையில், அம்மா அமைதியாகக் கண்ணை மூடினார்.

அடுத்த வாரம் ஸ்தாபனத்திலிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. கூடவே ஒரு பொட்டலத்தில் அந்தப் படத்தின் அச்சுக்கட்டை. மலரில் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், தங்கள் பெயரை மட்டும் கீழே போட்டால் போதும் என்று எழுதியிருந்தார்கள். பெரிய மாமா கண் கலங்கிவிட்டார். “நாளைக்குப் பேரப்புள்ளைங்களுக்குக் காட்ட முகம் வேணாமாம்மா?” என்று கேட்டார். “நல்லாப் பாருங்க மாமா, இதுல முகம் எங்க இருக்கு? கம்பளி மறைச்சிருக்கு. கும்புட்ட கைதான் தெரியுது” என்றேன். கட்டையை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அம்மாவின் நோயிலும் மறைவிலும் எங்களோடு நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கொட்டும் மழையில் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோன லயத்து அண்ணன்மார், அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அக்காமார், நுவரெலியா ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்திருந்த தாதி, ரயிலேறி இறுதி யாத்திரைக்கு வந்த வட்டவளை உறவினர்கள் எல்லோருக்கும் நானும் தம்பியும் கடமைப்பட்டிருக்கிறோம். பெரிய மாமா இப்போது என்னோடு பேசுகிறார். அவருக்கும் நன்றி.

இந்த மலரில் ஒரு பிரதி அந்த ஸ்தாபனத்து ஐயாமாருக்கும் தபாலில் போகிறது. ஐயா, உங்கள் உபகாரத்தில் படித்தவள்தான் இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் மாரியாயி தன் மகளோடு உங்கள் மாடிக்கு வருவார். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டி, பூ வைத்து வருவார். முன்பு சொன்னதை மறந்துவிட்டு இப்படிப் போங்கள் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னவள் நான்தான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, “அப்ப எம் புள்ளைக்குக் குடுக்காம விட்டுட்டா, டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள்தான் சொல்லவேண்டும்.