றாலியோ, றொச்செஸ்டரோ

அமெரிக்காவில் இருக்கும் இரண்டு ஊர்களுக்காக, பலேர்மோவில் இருந்துகொண்டு நானும் என் கணவரும் சண்டை பிடித்த கோடைகாலம் அது. இரண்டு ஊரையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அதனாலென்ன, வாய்க்குக் குறைச்சலா? என்னுடைய ஊர் றாலி, வட கரோலைனாவில். அங்கே என் அக்கா இருந்தாள். அவருடைய ஊர் றொச்செஸ்டர், நியூயோர்க் மாநிலத்தின் வடக்கில், கனடாவை எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பது. அங்கே அவருடைய அண்ணன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆட்கள் பலர் அமெரிக்க விசா லொத்தர் போட்டார்கள். என் கணவரும் விளையாட்டாகப் போட்டார். விழுந்துவிட்டது! ஆவணியில் கப்பலேறி நாப்போலிக்கு, அமெரிக்கத் தூதரக நேர்முகத்துக்குப் போகவேண்டும். எந்த ஊரில் போய் இருக்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், அதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

எனக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். மூத்தவளைப் பலேர்மோ ஆஸ்பத்திரியில் பெற்றபோது என்னுடைய சனம் என்று பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் வேலை செய்த வீட்டு எசமானி, அந்தச் சின்யோராதான் வந்து நின்றாள். நல்ல மனுசி, குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் வலியில் "அம்மா" என்று கத்தியபோது, அவள் பயந்துபோய் தாதியைத் தேடி ஓடிவிட்டாள். என் கணவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை. எல்லாம் முடிந்தபிறகுதான் வந்தார், கையெல்லாம் மீன் செதில், பிள்ளையைத் தொடப் பயந்துகொண்டு. இந்தமுறை அக்கா என் பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்கு அமெரிக்கா என்றால் அவ்வளவுதான்.

அவருக்கோ அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் அவரைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். மனைவியை இழந்து, அந்த வசந்தத்தில்தான் நெஞ்சில் ஒப்பரேசனும் செய்து, றொச்செஸ்டரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குப் போவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்றுபேரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்போம். அக்கா தன் ஊரைப் புகழத் தொடங்கினால் மூச்சு விடமாட்டாள்.

"இஞ்சை பனியும் இல்லை, ஒண்டும் இல்லை. பங்குனியிலையே மரமெல்லாம் பூத்திடும். பின்வளவிலை வெண்டிக்காய் காய்ச்சுக் கொட்டுது. பள்ளிக்கூடமும் திறம்."

என் கணவர் றிசீவரைப் பறித்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "நடந்துபோய்ப் பால் வாங்கலாமோ?"

"நடக்கிறதோ? இஞ்சை ஆர் நடக்கினம்? கார் இல்லாட்டி வீட்டுக்கையே கிடக்க வேண்டியதுதான்."

"பார்த்தீரே?" என்று என்னிடம் திரும்புவார். நாளெல்லாம் பலேர்மோத் தெருக்களில் நடந்தே திரிகிற எங்களுக்கு அது பெரிய குறைதான். ஆனால் நான் விட்டுக்கொடுப்பேனா? "கார் ஓடப் பழகலாம், பனியை நிப்பாட்டப் பழகேலுமோ?" என்பேன்.

பெரியத்தான் இதற்கு நேர் எதிர். தன் ஊரைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது. "ஐயோ, இஞ்சை என்னத்துக்கு? பனி இடுப்பளவு கொட்டும். வெயிலைக் காணக் கண் பூத்துப்போகும். வேலையளும் குறைஞ்சுகொண்டு போகுது. நீங்கள் றாலிக்கே போங்கோ, பிள்ளையளுக்கு அதுதான் நல்லம்."

"கடைக்கு நடக்கலாமோ, பெரியத்தான்?" நான் சும்மா கேட்டுவைத்தேன்.

"ஓம், அது நடக்கலாம். தெரு முடக்கிலையே கடை. பஸ்சும் வாசலுக்கு வரும். ஏரி ஒண்டு கிடக்கு, கடல் மாதிரி, ஆனால் உப்பில்லை." சிரித்தார். "மேலறை ரெண்டும் சும்மாதான் கிடக்குது. பிள்ளைக்குப் பனி அள்ள ஒரு சின்னச் சவள் வாங்கி வைச்சிருக்கிறன். சிவப்பு. சும்மா, கடையிலை கண்டன், வாங்கினன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. வரவேண்டாம் என்கிறவர் எதற்காகச் சவள் வாங்குகிறார்? வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். "உங்கடை அண்ணரே வரவேண்டாம் எண்டுறார், உங்களுக்கென்ன?" என்று நான் பாய, "அண்ணை வேறை எப்பிடிச் சொல்லுவார்?" என்று அவர் முகத்தைத் தூக்க, கடைசியில் மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு "பஸ்தா! மம்மா, போதும்!" என்று கத்தினாள்.

பூக்கட்டிப் பார்ப்போம் என்று சொன்னவர் அவர்தான். கலியாணம் பேசினாலும் காணி வாங்கினாலும் எங்கள் ஆட்கள் மனம் குழம்பினால் செய்கிற வேலை அது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொதிந்து சாமிக்கு முன்னால் வைத்து, குழந்தையை ஒரு பொதி எடுக்கச் சொல்வோம். வந்த பூவே தெய்வ வாக்கு. பிறகு மறுபேச்சுக் கிடையாது.

பெல்லெகிரீனோ மலைக் குகையில் இருக்கும் கத்தோலிக்கப் புனித அம்மாவிடம் போனோம். பலேர்மோவில் சைவக்காரருக்கும் அவதான் குலதெய்வம் மாதிரி. வயிற்றையும் தூக்கிக்கொண்டு நான் மூச்சுவாங்க ஏறினேன். வழியெல்லாம் வெள்ளையும் சிவப்புமாக அலரி பூத்துக் கிடந்தது. பூவை அவர் பறித்துக்கொண்டு வந்தார்.

"வெள்ளை எனக்கு" என்றேன்.

"பனி வெள்ளைதானே, அது றொச்செஸ்டருக்கெல்லோ வரவேணும்?"

"போங்கோ, முதல் கேட்டது நான்!"

சரி, றாலிக்கு வெள்ளை, றொச்செஸ்டருக்குச் சிவப்பு. பாண் சுற்றித்தரும் கடதாசியைக் கிழித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்தான் பொதிந்தார். குகைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். பிரித்தேன். வெள்ளை!

சத்தியமாகத் துள்ளினேன், பிள்ளைத்தாச்சி என்பதையும் மறந்து. அவரும் சிரித்தார். "சரி, றாலிதான். அம்மா சொல்லிப்போட்டா" என்றார். இவ்வளவு லேசாக விட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. மற்றப் பொதியை அங்கே கீழே போட அவருக்கு மனம் வரவில்லை. சாமிக்கு முன்னால் வைத்த பூ காலில் படக்கூடாதே. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து வீட்டுச் சாமிப்படத் தட்டில் வைத்தார்.

அதுதான் அவர் விட்ட பிழை. சாமித்தட்டில் வாடின பூ எடுப்பது என் வேலை. மறுநாள் காலையில் அந்தப் பொதியைப் பிரித்தேன்.

அதற்குள்ளும் வெள்ளை.

முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் பூவோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். இந்த மனிசனை என்ன செய்வது! தெய்வத்தையே ஏமாற்றியிருக்கிறார், அதுவும் எனக்காக. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த அன்பை இன்றைக்கும் சொல்லி முடியாது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தது.

அவர் கண்ணாடிக்கு முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சவர்க்கார நுரை.

"இஞ்சாருங்கோ, சிவப்புப் பூ எங்கை?"

சவரக்கத்தி நின்றது. என் கையில் இருந்த பூவைக் கண்ணாடியிலேயே பார்த்தார்.

"மூத்தவள் பிறக்கேக்கை நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான்" என்றார் மெதுவாக. "திரும்பவும் உம்மைத் தனிய விட என்னாலை ஏலாது."

"அப்ப அண்ணர்?"

"அவர்தானே வரவேண்டாம் எண்டவர்."

"ஓம், எண்டவர். சவளும் வாங்கினவர்."

அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார். கழுவிக் கழுவி, நுரை போனபிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று எனக்குத் தெரியும். முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு கூண்டுக்குள் நான்தான் முதலில் றிசீவரை எடுத்தேன். "அக்கா, நாங்கள் றொச்செஸ்டருக்குப் போறம்" என்றேன். என் கணவர் வாய் பிளந்து நின்றார். அவரிடமும் நான் அதுவரை சொல்லவில்லை.

"உனக்கென்ன விசரே?" அக்காவின் குரல் கூண்டுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "அந்தப் பனிக்கையோ? ஆரடி உன்னைப் பார்க்கிறது?"

"நீதான். பிள்ளை பிறக்கேக்கை நீ அங்கை வாறாய்."

"நான் வரமாட்டன்!"

"வாறாய்" என்று சொல்லிப்போட்டு வைத்துவிட்டேன்.

மார்கழிக் கடைசியில், ஆரிடமோ இரவல் வாங்கின இரண்டு குளிர்க்கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அக்கா றொச்செஸ்டரில் வந்து இறங்கினாள். வாசலில் முழங்காலளவு பனி. என் மகள் சின்னச் சிவப்புச் சவளால் அவளுக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தாள். பெரியத்தான் கதவடியில் நின்று "மெல்ல, மெல்ல, வழுக்கும்" என்றார். "இதுவும் ஒரு ஊரே? மனுசர் இருப்பினமே இதுக்கை?" என்று திட்டிக்கொண்டே அக்கா படியேறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரையும் திட்டினாள்.

வலி வந்து நான் "அம்மா" என்று கத்தியபோது மட்டும் திட்டவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓமடி, இஞ்சைதான் நிக்கிறன்" என்றாள்.