வரப்பில் செருப்புத் தடம்

நன்னிலத்துக்குத் தெற்கே அந்த ஊரில் வயலுக்குப் போகிறவர்கள் செருப்பை வாய்க்கால் பாலத்திலேயே விட்டுவிடுவார்கள். நிலத்துக்காரரானாலும் நாற்று நடுபவரானாலும் வரப்பில் வெறுங்கால்தான். துபாய்க்குப் போன ஒன்றரை வருஷத்திலேயே திரும்பி வந்த முருகையன் மட்டும் செருப்போடு நடந்தார். ஊர் ஒரே வாரத்தில் அதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டது: வெளிநாட்டுத் திமிர்.

முருகையன் மறுக்கவில்லை. கட்டட வேலையில் குதிகாலில் கம்பி ஏறி, புண் ஆறாமல்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதை வெளியே சொல்ல முடியாது. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து ஒவ்வொரு வயலுக்கும் பிரித்துவிடும் ஊர்ப்பொது வேலை அந்த ஆடியில்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. காலையும் மாலையும் வாய்க்கால் நெடுக நடக்க வேண்டும். கால் சரியில்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள்? திமிர் பிடித்தவன் என்ற பேரோடு இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

அந்தப் பேர்தான் இன்று அவரை மாட்டிவிட்டது. நட்டுப் பன்னிரண்டு நாளான அடைக்கலசாமியின் வயல், முந்தின சாயங்காலம் யூரியா போட்ட வயல், காலையில் வற்றிக் கிடந்தது. உரம் கரைந்த தண்ணீர் முழுக்கக் கீழ்வயலில். கீழ்வயல் முருகையனுடையது. நடு வரப்பில் செருப்புத் தடம்.

"யாரு தடம் முருகையா இது?"

"என்னுதுதாங்க."

"பொதுத் தண்ணிய ஒன்ன நம்பிக் குடுத்தா, என் வயல ஒடச்சு ஒன் வயலுக்கு உட்டுக்குவியா?"

"விடிய நண்டு வளையில தண்ணி போச்சுங்க. சேத்தப் போட்டு மிதிச்சு அடைச்சிட்டுத்தான் போனேன்."

"அடைச்ச எடத்துல தண்ணி எப்படி போவும்?" பக்கத்து வயல் நடவுக் கூட்டத்திலிருந்து காத்தாயி குரல் கொடுத்தார். "துபாய்லயும் இப்படித்தான் எதையாச்சும் அடைச்சியளா? அதான் வெறுங்கையோட ஏத்தி உட்டுட்டானுவளா?"

பெண்கள் சிரித்தார்கள். அடைக்கலசாமி சிரிக்கவில்லை. "சாயங்காலம் ஊரக் கூட்டி வேற ஆளப் பாத்துக்கறோம்."

முருகையன் குனிந்து பார்த்தார். காலையில் அடைத்த சேறு அப்படியே இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த வளைக்கு இன்னொரு வாய் இருக்கிறது. வெறுங்காலோடு நின்றிருந்தால் தண்ணீர் இழுப்பது பாதத்துக்குத் தெரிந்திருக்கும். செருப்புக்கு என்ன தெரியும்?

இப்போது கழற்றினால் கால் தெரிந்துவிடும், வேலை போய்விடும். கழற்றாவிட்டால் திருடன். வேலையும் போகும், பேரும் போகும்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்பை வரப்பில் விட்டு இறங்கினார். புண்ணில் சேறு பட்டதும் கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்போரப் பள்ளத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் அடிமேல் அடி வைத்து, கால்விரல்களால் தடவிக்கொண்டே போனார். நாலாவது அடியில் நின்றார். பெருவிரலடியில் சில்லென்று ஓர் இழுப்பு. முழங்கை வரைக்கும் கையை விட்டு, கொழுத்த நண்டு ஒன்றை வெளியே எடுத்துப் போட்டார். அந்த வாயையும் சேற்றால் அடைத்தார்.

"ரெண்டு வாய் இருந்திருக்குங்க. செருப்பு போட்டு மிதிச்சதால தெரியாமப் போச்சு. தப்பு என்னுதுதான். திருட்டு இல்லிங்க."

வரப்பேறக் காலைத் தூக்கியபோது குதிகாலிலிருந்து சேற்றோடு ரத்தம் வடிந்தது. சிரிப்பு நின்றது.

"மாதாவே! எத்தன நாளா இது?" என்றார் அடைக்கலசாமி.

"அங்கேயே கட்டட வேலையில கம்பி ஏறிடுச்சுங்க. சொன்னா வேல குடுக்க மாட்டீங்கன்னு..."

அடைக்கலசாமி வற்றிய வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பை எடுத்து முருகையனின் காலருகே வைத்தார்.

"போட்டுக்க. என் வயலுக்கு இன்னிக்கே தண்ணி வரணும். நாளைலேருந்து செருப்போடவே நட. சந்தேகம்னா மட்டும் கழட்டிட்டு எறங்கு."

முருகையன் தலையாட்டிவிட்டு மதகைப் பார்க்க நடந்தார். பத்தடி போயிருக்கமாட்டார். பின்னால் காத்தாயி பக்கத்தில் நின்றவளிடம் சொல்வது காதில் விழுந்தது.

"கம்பி தானா ஏறிச்சுங்கிறியா? எதையோ எடுத்து மாட்டியிருக்காரு. அதான் புடிச்சுக் குத்திட்டானுவ."