லுணுகலை பஸ்ஸின் கம்பி கட்டிய கதவு

போன மாதம் தோழியின் மகளுக்குச் சடங்கு. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் பதுளை வந்து, காலை பத்தரைக்கு அரசாங்கப் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; மலைப்பாதை என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பஸ் நிலையத்தில் புதுக் கேமராக்கள். கீழே 'பயணிகள் பாதுகாப்புத் திட்டம்' என்று பெரிய பலகை. பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன்.

பின்சீட்டில் இடம் கிடைத்தது. பக்கத்தில் புஷ்பம் என்ற இளம்பெண், மடியில் பிறந்து பன்னிரண்டு நாளான பெண்குழந்தை. மஞ்சள்காமாலைக்காகப் பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அன்றுதான் விட்டிருந்தார்கள்.

பசறை தாண்டி இறக்கத்தில் பஸ் வேகமெடுத்தது. "கெட்டியா புடிச்சிக்கங்க! பிரேக் புடிக்கல!" என்று டிரைவர் கத்தினார். வலப்பக்கம் பள்ளம். மனிதர் இடப்பக்க மண்மேட்டில் பஸ்ஸை உரசி உரசியே நிறுத்திவிட்டார். எல்லோரும் உயிரோடிருப்பது அவரால்தான்.

ஆனால் வாசல் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னல்களில் கம்பி. முன்னாலிருந்து புகை வந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த அவசரக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தாழ்ப்பாள் உடைந்துபோய் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள்! நானும் இன்னொருவரும் விரல் கிழியக் கிழிய முறுக்கை அவிழ்த்தோம். நான் முதலில் குதித்தேன்.

"அக்கா, மொதல்ல புள்ளைய புடிங்க!" என்று புஷ்பம் குழந்தையை என் கையில் போட்டாள்.

எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "பிரேக் சரியில்லன்னு டிப்போவுல மூணு தடவ சொல்லிட்டேங்க. சாமான் வாங்க காசு வரல, இன்னைக்கு மட்டும் ஓட்டுன்னாங்க."

ஒரு மணி நேரம் கழித்து டிப்போ அதிகாரி ஒருவர் வந்தார். "யாரும் சாகவில்லைதானே?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றதும், "அப்போ சரி" என்றார். எது சரி? கேமராவுக்கும் பலகைக்கும் வந்த அரசாங்கப் பணம் பிரேக்குக்கு மட்டும் ஏன் வரவில்லை? இந்தப் பஸ் ஓடத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டவர் அந்தக் கதவை ஒருமுறையாவது தொட்டிருப்பாரா?

அங்கேயே முறைப்பாடு எழுதினேன். கையெழுத்துக் கேட்டால் ஆளாளுக்கு நழுவினார்கள். "பேர் போட்டா நாளைக்கு பஸ்ஸ நிப்பாட்டிருவாங்க. அப்புறம் நடந்துதான் போகணும்," என்றார் ஒருவர். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. புஷ்பம்தான் பேனாவை வாங்கினாள். "நா போடுறேங்க. எம் புள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல, இல்லன்னா அதையும் போட்டிருப்பேன்."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும். அதே பஸ் மறுபடி ஓடுவதாகத் தோழி சொல்கிறாள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஏறியதும் அவசரக் கதவைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் இறங்கி, வேறு வாகனம் பிடியுங்கள். உங்களால் முடியும். புஷ்பத்தால் முடியாது. குழந்தையை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதே பஸ்ஸில்தான் வந்துபோக வேண்டும்.